திருவருகைக்காலமும் காத்திருப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நவம்பர் கடைசி வாரம் வந்தால் எங்கள் பங்கில் இந்தக் கேள்விகளும் வந்துவிடும். மறைக்கல்வி வகுப்பில் சில, அன்பியம் எனப்படும் அக்கம்பக்கக் குடும்பங்களின் செபக் கூட்டத்தில் சில, திருப்பலி முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே கேட்பவை மீதி. குமரி மாவட்டத்தில் இலத்தீன், சீரோ மலபார், சீரோ மலங்கரா என்ற மூன்று கத்தோலிக்க மரபினரும், சீர்திருத்தத் திருச்சபையான சி.எஸ்.ஐ.யைச் சேர்ந்தவர்களும் அடுத்தடுத்த வீடுகளில் இருப்பதால், ஒருவருடைய வழக்கம் இன்னொருவருக்குச் சந்தேகமாகிவிடுகிறது. கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். பதில்கள் கத்தோலிக்க இலத்தீன் முறையை ஒட்டியவை. மற்றவர்களின் முறை வேறுபடும் இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு வாரம்தானே திருவருகைக்காலம்? அதற்கு மேல் என்ன இருக்கிறது?

கணக்கு சரிதான். நான்கு ஞாயிறுகள், அவற்றைத் தொடரும் நாள்கள், டிசம்பர் 24 மாலையோடு முடிவு. ஆனால் இது கிறிஸ்துமஸுக்கு ஒட்டவைத்த முன்னுரை அன்று. திருவழிபாட்டு ஆண்டே இந்த முதல் ஞாயிறில்தான் தொடங்குகிறது. ஜனவரி 1 நமக்கு ஆண்டின் நடுவே வரும் ஒரு நாள்தான்.

ஞாயிறு நற்செய்தியும் அன்றிலிருந்து மாறும். முதலாம் ஆண்டு மத்தேயு, இரண்டாம் ஆண்டு மாற்கு, மூன்றாம் ஆண்டு லூக்கா என்று மூன்றாண்டுச் சுற்று. 2025 திருவருகைக்காலத்தில் மத்தேயு தொடங்கினார். 2026-இல் மாற்கு தொடங்குகிறார். வாசகப் பட்டியலில் இருப்பவர்கள் பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு பீடத்துக்குப் போய் விழிப்பது பெரும்பாலும் இந்த ஞாயிறில்தான்.

தேதி ஏன் வருடா வருடம் மாறுகிறது?

கிறிஸ்துமஸ் எந்தக் கிழமையிலும் வரலாம். அதற்கு முன்னால் நான்கு ஞாயிறு வேண்டும். அதனால் தொடக்கம் நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையே ஏதோ ஒரு ஞாயிறில் விழும். நவம்பர் 30 புனித அந்திரேயா விழா. அதற்கு மிக அருகில் உள்ள ஞாயிறு என்று நினைவில் வைத்துக்கொண்டால் நாள்காட்டி பார்க்க வேண்டியதில்லை.

2022-இல் கிறிஸ்துமஸே ஞாயிறு. ஆகவே முழு நான்கு வாரம், 28 நாள். 2023-இல் கிறிஸ்துமஸ் திங்கள். நான்காம் வாரம் ஒரே ஒரு நாளோடு முடிந்துபோனது, மொத்தம் 22 நாள். 2026-இல் நவம்பர் 29 அன்று தொடங்குகிறது.

இயேசு ஏற்கெனவே பிறந்துவிட்டார். பிறந்தவருக்காகக் காத்திருப்பதுபோல் நடிக்கிறோமா?

எனக்குப் பிடித்த கேள்வி. கேட்டவர் ஏழாம் வகுப்பு மாணவி. நடிக்கவில்லை என்பதை நிரூபிக்க முதல் ஞாயிறு வாசகங்களைப் பார்த்தாலே போதும். அங்கே குழந்தையும் இல்லை, மாட்டுத் தொழுவமும் இல்லை, இடையர்களும் இல்லை. மானிடமகன் மாட்சியோடு மீண்டும் வருவது பற்றித்தான் பேச்சு. அதாவது இந்தக் காலத்தின் காத்திருப்பு முதலில் முன்னால் பார்க்கிறது. பெத்லகேமைத் திரும்பிப் பார்ப்பது கடைசி எட்டு நாளில்தான்.

12-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த துறவி புனித பெர்னார்து மூன்று வருகைகளைப் பற்றிப் பேசினார். முதல் வருகை பெத்லகேமில், மனித உடலின் வலுவின்மையில். கடைசி வருகை மாட்சியில். இவ்விரண்டுக்கும் நடுவே, ஒவ்வொருவர் உள்ளத்திலும் மறைவாக நிகழும் வருகை. முதலாவதிலிருந்து கடைசிக்கு நம்மை நடத்திச் செல்லும் வழி அதுதான் என்றார் அவர். முதல் வருகையை நாம் நினைவுகூர்கிறோம், காத்திருப்பது மற்ற இரண்டுக்காக. ஒவ்வொரு திருப்பலியிலும் அப்பமும் இரசமும் கிறிஸ்துவின் உடலும் இரத்தமுமான பிறகு "நீர் வருமளவும்" என்று சொல்கிறோமே, அந்தச் சொற்கள் ஆண்டு முழுவதும் வாயில் இருக்கின்றன. திருவருகைக்காலம் அவற்றைக் காதில் விழச் செய்கிறது.

முதல் ஞாயிறு நற்செய்தி ஏன் இப்படிப் பயமுறுத்துகிறது? நல்ல நேரத்தில் உலக முடிவைப் பற்றியா பேச வேண்டும்?

மத்தேயு ஆண்டில் நோவா காலத்து வெள்ளம், இரவில் வரும் திருடன். மாற்கு ஆண்டில் எப்போது வருவார் என்று சொல்லாமல் போன வீட்டுத்தலைவர். லூக்கா ஆண்டில் கடலின் கொந்தளிப்பு. பயம் வருவது இயல்புதான். ஆனால் லூக்கா நற்செய்தியில் அந்தக் கொந்தளிப்பைச் சொன்ன கையோடு இயேசு சொல்வதைப் பாருங்கள்: தலைநிமிர்ந்து நில்லுங்கள், உங்கள் மீட்பு நெருங்கி வருகிறது. ஒளிந்துகொள்ளுங்கள் என்று சொல்லவில்லை.

130-ஆம் திருப்பாடல் விடியலுக்காகக் காத்திருக்கும் காவலரைப் பற்றிப் பேசுகிறது. காவலருக்கு விடியுமா என்ற ஐயம் கிடையாது. எப்போது என்பதுதான் தெரியாது. அதுவரை தூங்கக் கூடாது, அவ்வளவே. இந்தக் காவலர்களின் விழிப்பைத்தான் அந்த நற்செய்திகள் கேட்கின்றன. பிரசங்கத்தில் இதை விட்டுவிட்டு வெள்ளத்தையும் திருடனையும் மட்டும் பெரிதாக்கினால், மக்கள் பயந்துகொண்டே வீட்டுக்குப் போவார்கள். தவறு வாசகத்தில் இல்லை.

குருவானவர் ஊதா உடுத்துகிறார். அப்படியானால் தவக்காலம் மாதிரி இறைச்சி சாப்பிடக் கூடாதா? கல்யாணம் வைக்கலாமா?

நிறம் ஒன்று, காலம் வேறு. இரண்டிலும் திருப்பலியின் தொடக்கத்தில் வரும் புகழ்ப்பாடலான 'வானவர் கீதம்' பாடுவதில்லை. டிசம்பர் 8 அமல உற்பவப் பெருவிழா போன்ற நாள் மட்டும் விலக்கு. ஆனால் தவக்காலத்தில் நின்றுபோகும் 'அல்லேலூயா' இங்கே தொடர்கிறது. ஆயத்தமும் எளிமையும் உண்டு, துக்கம் இல்லை. இலத்தீன் முறையில் இந்த நான்கு வாரத்துக்கென்று கட்டாய நோன்பும் இல்லை. விரும்பி இருப்பவர்களை யாரும் தடுக்கப்போவதும் இல்லை.

திருமணத்துக்குத் திருச்சபைச் சட்டத்தில் பொதுத் தடை கிடையாது. ஆயினும் பல பங்குகளில் இந்தக் காலத்தில் வைக்காமல் தவிர்க்கும் வழக்கம் இருக்கிறது. வைத்தாலும் ஆடம்பரம் குறைத்து வைக்கச் சொல்வார்கள். மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்டுப் பங்குத்தந்தையிடம் போவதைவிட, அவரிடம் கேட்டுவிட்டு மண்டபத்துக்குப் போவது நல்லது.

பக்கத்து வீட்டுச் சீரோ மலபார் குடும்பம் டிசம்பர் 1 முதல் மீன்கூடத் தொடுவதில்லை. நாம் மட்டும் ஏன் நோன்பு இல்லாமல் இருக்கிறோம்?

அவர்கள் இருப்பது இருபத்தைந்து நோன்பு. சீரோ மலங்கரா குடும்பங்களிலும் அது உண்டு. கீழைத் திருச்சபைகள் பலவற்றில் கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நோன்பு நவம்பர் 15-இல் தொடங்கி 40 நாள் நீளும். அவர்கள் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. நம்முடையதுதான் காலப்போக்கில் சுருங்கியது.

மேற்கில் 380-இல் ஸ்பெயினின் சரகோசாவில் கூடிய ஆயர்கள், டிசம்பர் 17 முதல் ஜனவரி 6 வரை யாரும் கோயிலுக்கு வராமல் இருக்கக் கூடாது என்று விதித்தார்கள். அடுத்த நூற்றாண்டில் பிரான்சின் தூர் நகர ஆயர் பெர்பெத்துவுஸ், நவம்பர் 11 புனித மார்ட்டின் விழாவிலிருந்து கிறிஸ்துமஸ்வரை வாரத்துக்கு மூன்று நாள் நோன்பு வைத்தார். அது ஏறக்குறைய இன்னொரு தவக்காலம். உரோமையில் அது நான்கு ஞாயிறுகளாக நிலைபெற்றது. இத்தாலியின் மிலான் மறைமாவட்டத்தில் இன்றும் ஆறு வாரம்தான். ஆகவே பக்கத்து வீட்டுக்காரர் நோன்பைப் பார்த்து 'இதெல்லாம் தேவையா' என்று கேட்பதற்கு முன் நம் தாத்தாக்களின் தாத்தாக்களை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மெழுகுதிரி வளையம் பைபிளில் எங்கே இருக்கிறது? பெந்தெகொஸ்தே நண்பர் கேட்டார், பதில் சொல்ல முடியவில்லை.

எங்கேயும் இல்லை. தயங்காமல் அப்படியே சொல்லிவிடலாம். அது கத்தோலிக்கர் கண்டுபிடித்ததுகூட இல்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய லுத்தரன் போதகர் யோகான் ஹின்ரிக் விக்கெர்ன், 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தில் 20 சிறிய சிவப்பு மெழுகுதிரிகளையும் 4 பெரிய வெள்ளை மெழுகுதிரிகளையும் வைத்தார். கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று நச்சரித்த பிள்ளைகளுக்கு நாளை எண்ணிக் காட்டுவதே நோக்கம். வாரநாளுக்குச் சிறியது, ஞாயிறுக்குப் பெரியது. அந்த ஆண்டு திருவருகைக்காலம் டிசம்பர் 1-இல் தொடங்கியதால் 24 மெழுகுதிரி சரியாக வந்தது. பிறகு சிறியவை உதிர்ந்து நான்கு மட்டும் நின்றன.

ஒவ்வொரு மெழுகுதிரிக்கும் நம்பிக்கை, அமைதி, மகிழ்ச்சி, அன்பு என்று பெயர் வைப்பது பிற்கால வழக்கம். வரிசை மாறினால் ஒன்றும் ஆகாது. மூன்றாம் ஞாயிறுக்கான ரோஜா நிற மெழுகுதிரி கடையில் கிடைக்கவில்லை என்றால் நான்கும் வெள்ளையாக இருக்கட்டும். வளையத்தைச் சுற்றிக் கட்ட ஊசியிலைக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். எங்கள் பங்கில் சவுக்குக் கொப்புகளை வளைத்துக் கட்டுகிறோம், மூன்றாம் வாரத்தில் காய்ந்து கொட்டிவிடும், மாற்றிக்கொள்கிறோம். காய்ந்த சவுக்கு மெழுகுதிரிக்கு அருகில் இருப்பது ஆபத்து என்பதை மட்டும் பீடச் சிறுவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

மூன்றாம் ஞாயிறு மட்டும் ஏன் நிறம் மாறுகிறது?

அன்று மகிழ்ச்சி ஞாயிறு. திருப்பலித் தொடக்கத்தில் சொல்லும் வருகைப் பல்லவி பவுல் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்திலிருந்து வருகிறது: ஆண்டவரோடு இணைந்து என்றும் மகிழுங்கள், ஆண்டவர் அண்மையில் உள்ளார். பாதி வழி தாண்டிவிட்டோம் என்பதற்கு அடையாளமாக ஊதாவை இளக்கி ரோஜா நிறம் உடுத்துகிறார்கள். அந்த உடை இல்லாத பங்குகளில் ஊதாவே போதும்.

ஒன்றைக் கவனியுங்கள். 'மகிழுங்கள்' என்று எழுதியபோது பவுல் சிறையில் இருந்தார்.

டிசம்பர் முதல் தேதியே நட்சத்திரம் கட்டி, குடில் வைத்து, கேரல் பாடி முடித்துவிடுகிறோம். இதில் காத்திருப்பு எங்கே இருக்கிறது?

பெரும்பாலும் இல்லை என்பதே உண்மை. அதற்காக நட்சத்திரத்தை இறக்கச் சொல்லும் ஆள் நான் இல்லை. நட்சத்திரம் ஞானிகளுக்கு வழி காட்டியது. பயணத்தின் தொடக்கத்தில் அது இருப்பதே பொருத்தம். குடிலையும் மெதுவாகக் கட்டலாம். 1223-இல் அசிசி நகர பிரான்சிஸ் கிரேச்சோ என்ற மலை ஊரில் மாடும் கழுதையும் வைக்கோலும் வைத்துக் கிறிஸ்துமஸ் இரவைக் கொண்டாடினார். நம் குடில் வழக்கத்துக்கு அது பெரிய உந்துதல். முதல் வாரம் வைக்கோலும் மண்ணும் பாசியும், பிறகு மாடு, ஆடு, பிறகு மரியாவும் யோசேப்பும். குழந்தையைக் கிடத்தும் தீவனத் தொட்டி மட்டும் 24-ஆம் தேதி இரவுவரை காலியாக இருக்கட்டும். வீட்டுக்கு வரும் பிள்ளைகள் அதைப் பார்த்து "பாப்பா எங்கே" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியிலிருந்து மறைக்கல்வி தொடங்கிவிடும்.

கேரல் விஷயத்தில் எனக்கு வருத்தம் உண்டு. கிறிஸ்துமஸ் தாத்தா வேடமும் டிரம்மும் லைட்டும் வைத்த வண்டியுமாக டிசம்பர் முதல் வாரமே தெருவுக்கு இறங்கிவிடுகிறார்கள். இரவு பதினொரு மணிக்கு இரண்டு குழுக்கள் ஒரே சந்தில் மோதிக்கொண்டு யார் சத்தம் பெரிது என்று பார்க்கின்றன. படிக்கிற பிள்ளைகளும் படுத்திருக்கும் நோயாளிகளும் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். கிறிஸ்து பிறப்புக் காலம் ஆண்டவருடைய திருமுழுக்கு விழாவரை, ஜனவரி இரண்டாம் வாரம் வாக்கில் வரை நீள்கிறது. ஆனால் 26-ஆம் தேதி எல்லாரும் களைத்துப்போய் நட்சத்திரத்தைக் கழற்றுகிறார்கள். கேரலை 20-ஆம் தேதிக்குப் பிறகு வைத்தால் என்ன என்று ஒவ்வொரு ஆண்டும் கேட்கிறேன். காணிக்கை குறைந்துவிடும் என்று பதில் வருகிறது.

டிசம்பர் 17-இலிருந்து ஏதோ மாறுகிறதே, அது என்ன?

அதுவரை இரண்டாம் வருகை, அன்றிலிருந்து பெத்லகேம். நாள்தோறும் மாலைப் புகழ் என்ற மாலைச் செபத்தில் ஞானமே, ஈசாயின் வேரே, தாவீதின் திறவுகோலே, இம்மானுவேலே என்பன போன்ற ஏழு பழைய அழைப்புகள் டிசம்பர் 23 வரை ஒவ்வொன்றாக வரும். ஏழுமே 'வாரும்' என்ற மன்றாட்டோடு முடியும்.

17-ஆம் தேதி நற்செய்தி மத்தேயுவின் தலைமுறைப் பட்டியல். பெயர்களில் தடுக்கித் தடுக்கி வாசிக்கப்படும். கேட்பவர்கள் கொட்டாவி விடுவார்கள். அந்தப் பட்டியலில் தாமார், இராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் வருகிறார்கள். ஒழுங்கான குடும்ப வரலாறு எழுத நினைப்பவர் யாரும் சேர்த்திருக்க மாட்டார்கள். அடுத்த முறை அந்தப் பெயர்களுக்காகக் காது கொடுங்கள்.

எதிர்நோக்கு எதிர்நோக்கு என்கிறார்களே, 'எல்லாம் நல்லபடியாக நடக்கும்' என்று நினைப்பதுதானே அது?

அப்படி நினைத்த ஒருவர் விவிலியத்தில் இருக்கிறார். அவர் பெயர் அனனியா. பாபிலோனியர் எருசலேமிலிருந்து மக்களையும் கோயில் பாத்திரங்களையும் கொண்டுபோன பிறகு, இரண்டே ஆண்டில் எல்லாம் திரும்பி வந்துவிடும் என்று கோயிலில் நின்று அறிவித்தார். மக்கள் கேட்க விரும்பியதும் அதுவே. எரேமியா அவரைப் பொய் இறைவாக்கினர் என்றார். நாடு கடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா எழுதிய மடலில் எழுபது ஆண்டு என்று இருந்தது: அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடித்து வையுங்கள், அந்த நகரின் நலனுக்காக மன்றாடுங்கள். எழுபது ஆண்டு என்றால், மடலைப் படித்த பெரியவர்களில் எவரும் திரும்பி வரப்போவதில்லை.

ஆனால் இதே எரேமியா, எருசலேமைப் பாபிலோன் படை முற்றுகையிட்டிருந்தபோது, தாம் சிறைக்காவலில் இருந்தபடியே அனத்தோத்து ஊரில் தம் உறவினரின் நிலத்தைப் பதினேழு செக்கேல் வெள்ளி கொடுத்து வாங்கினார். பத்திரம் எழுதி, முத்திரையிட்டு, சாட்சிக் கையெழுத்து வாங்கி, மண்பானையில் போட்டு வைக்கச் சொன்னார். எதிரியின் காலடியில் கிடக்கும் நிலத்துக்கு யார் பணம் கொடுப்பார்? இந்த நாட்டில் மீண்டும் வீடும் நிலமும் வாங்கப்படும் என்று ஆண்டவர் சொன்னதை நம்பியவர் கொடுத்தார். நிலைமையைக் குறைத்துச் சொன்ன அனனியா அந்த ஆண்டிலேயே இறந்துபோனார். நிலைமையை உள்ளபடி சொன்னவர் கையில் பத்திரம் இருந்தது. எதிர்நோக்கு என்று திருச்சபை சொல்வது இந்தப் பத்திரத்தைத்தான்.

காத்திருப்பது என்றால் ஒன்றும் செய்யாமல் ஜெபித்துக்கொண்டே இருப்பதா?

எரேமியா நிலம் வாங்கியதை மேலே பார்த்தோம். மத்தேயு ஆண்டின் மூன்றாம் ஞாயிறில் யாக்கோபின் திருமுகத்திலிருந்து ஒரு பகுதி வரும்: பயிரிடுபவர் முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கிறார். நம் ஊரில் டிசம்பர் வடகிழக்குப் பருவமழையின் மாதம். மழைக்குக் காத்திருக்கும் விவசாயி வரப்பு வெட்டாமல் இருப்பாரா? மழையை அவரால் வரவைக்க முடியாது. மற்ற எல்லாவற்றையும் செய்துவிட்டுத்தான் காத்திருக்கிறார்.

லூக்கா ஆண்டின் மூன்றாம் ஞாயிறு இன்னும் நேரடியானது. மக்கள் திருமுழுக்கு யோவானிடம், நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கி வைத்திருப்பவர் ஒன்றை இல்லாதவருக்குக் கொடுக்கட்டும். வரிதண்டுபவர் விதித்ததற்கு மேல் தண்ட வேண்டாம். படைவீரர் யாரையும் அச்சுறுத்திப் பணம் பறிக்க வேண்டாம். யாரையும் வேலையை விட்டுவிட்டுப் பாலைநிலத்துக்கு வரச் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். வட்டிக்குக் கொடுப்பவர், அரசு அலுவலகத்தில் கையெழுத்துப் போடுபவர், கூலி கொடுக்கும் ஒப்பந்தக்காரர் என்று நம் பங்கில் இருப்பவர்கள் அதே கேள்வியைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று ஊகிப்பது கடினம் இல்லை. சேலையும் பேன்ட் சட்டையும் எடுப்பதற்கு முன் சம்பளப் பாக்கியைக் கொடுத்துவிடலாம்.

எனக்குச் சில சமயம் எதிலும் நம்பிக்கை வருவதில்லை. சந்தேகத்தோடு காத்திருந்தால் பாவமா?

மத்தேயு ஆண்டின் மகிழ்ச்சி ஞாயிறு அன்று கோயிலுக்கு வாருங்கள். அன்றைய நற்செய்தியில் திருமுழுக்கு யோவான் சிறையில் இருக்கிறார். இதோ வருகிறார் என்று யோர்தான் கரையில் முழங்கியவர், இப்போது சீடர்களை அனுப்பி இயேசுவிடம் கேட்கிறார்: வரவிருப்பவர் நீர்தாமா, அல்லது வேறு ஒருவரை எதிர்பார்க்க வேண்டுமா? வாழ்நாளையே ஒருவருக்கு வழி ஆயத்தம் செய்யக் கொடுத்துவிட்டு, கடைசியில் ஆள் மாறிவிட்டதோ என்று கேட்பது சின்னக் கேள்வி அன்று.

இயேசு அவரைக் கண்டிக்கவில்லை. பார்வையற்றோர் பார்க்கின்றனர், கால் ஊனமுற்றோர் நடக்கின்றனர், ஏழைகளுக்கு நற்செய்தி அறிவிக்கப்படுகிறது என்று போய்ச் சொல்லுங்கள் என்றார். எசாயாவின் வரிகள் அவை. அதே எசாயா சிறைப்பட்டோரின் விடுதலையைப் பற்றியும் பேசுகிறார். இயேசு சொல்லி அனுப்பிய பதிலில் அது மட்டும் இல்லை. யோவான் சிறையிலிருந்து உயிரோடு வெளியே வரவும் இல்லை. ஆனால் கேள்வி கேட்ட சீடர்கள் திரும்பிப் போனதும், பெண்ணிடம் பிறந்தவர்களுள் யோவானைவிடப் பெரியவர் தோன்றியதில்லை என்று இயேசு கூட்டத்திடம் சொன்னார். சந்தேகத்தை அவரிடமே கொண்டுபோய்க் கேட்டவருக்குக் கிடைத்த சான்றிதழ் இது.

ஒக்கியில் போன எங்கள் சொந்தக்காரப் பையன் இன்றுவரை வரவில்லை. அவன் அம்மாவிடம் போய் 'நம்பிக்கையோடு காத்திருங்கள் அத்தை' என்று எப்படிச் சொல்வது?

சொல்ல வேண்டாம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரிக் கடலைக் கலக்கிச் சென்றது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் அதற்கு முன்பே வெகுதூரம் போயிருந்தார்கள். டிசம்பர் 3 ஞாயிறு, திருவருகைக்காலத்தின் முதல் நாள். அது மாற்கு ஆண்டு. உலகெங்கும் இலத்தீன் முறைக் கோயில்களுக்கு அன்று குறிக்கப்பட்டிருந்த நற்செய்தி, மாலையிலோ நள்ளிரவிலோ சேவல் கூவும் வேளையிலோ காலையிலோ, எப்போது திரும்புவார் என்று தெரியாத வீட்டுத்தலைவரைப் பற்றியது. கரையோர ஊர்களில் அந்த நான்கு வேளையும் பெண்கள் விழித்துத்தான் இருந்தார்கள். அடுத்தடுத்த நாள்களில் சில படகுகள் இலட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கிய செய்தி வந்தது. ஒரு வீட்டில் போன் அடித்தது, அடுத்த வீட்டில் அடிக்கவில்லை.

கடலுக்குப் போனவர் கரைக்குத் திரும்புவார் என்று திருச்சபை எவருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. இந்தக் காலத்தின் காத்திருப்பை அந்தக் காத்திருப்போடு குழப்பி அந்தத் தாயிடம் பேசினால், அனனியா செய்ததைத்தான் நாமும் செய்கிறோம். அதே டிசம்பர் 3 அன்று முதல் வாசகம் எசாயா 63, 64-ஆம் அதிகாரங்களிலிருந்து: ஏன் எங்களை வழிதவறச் செய்தீர், வானத்தைப் பிளந்துகொண்டு இறங்கி வரமாட்டீரா என்று கடவுளிடம் கத்தும் பகுதி. அது விவிலியத்தில் இருக்கிறது, கோயிலில் வாசிக்கப்படுகிறது, வாசித்து முடித்ததும் 'இறைவா உமக்கு நன்றி' என்று சொல்கிறோம். அத்தை அழுதாலும் கடவுளை ஏசினாலும் அது திருவருகைக்கால மன்றாட்டுக்கு வெளியே இல்லை. மரணத்தை ஆண்டவர் ஒழித்துவிடுவார், எல்லா முகங்களிலும் கண்ணீரைத் துடைப்பார் என்ற எசாயாவின் வாக்கு முதல் வாரப் புதன்கிழமை வரும். அதை அவர் தானாக நம்பும் நாள் வரலாம், வராமலும் போகலாம். நீங்கள் போய் உட்காருங்கள். சோறு கொண்டுபோங்கள். அவன் பெயரைச் சொல்லிப் பேசுங்கள்; எல்லாரும் அந்தப் பெயரைத் தவிர்ப்பதுதான் அவருக்குப் பெரிய வேதனை. பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடக் காரியமோ வங்கிக் காரியமோ இருந்தால் கூடவே போய் வாருங்கள்.

இரண்டாயிரம் ஆண்டாக வராதவர் இனிமேலா வரப்போகிறார்?

முதல் தலைமுறைகளிலேயே இதைக் கேட்டுவிட்டார்கள். பேதுருவின் இரண்டாம் திருமுகம் மூன்றாம் அதிகாரத்தில், அவரது வருகையைப் பற்றிய வாக்குறுதி என்னவாயிற்று என்று ஏளனம் செய்பவர்கள் வருகிறார்கள். ஆண்டவர் காலம் தாழ்த்தவில்லை, எல்லாரும் மனம் மாற வேண்டுமென்று பொறுமையாய் இருக்கிறார் என்பது அங்கே கிடைக்கும் பதில். மாற்கு ஆண்டின் இரண்டாம் ஞாயிறில் அதை வாசிக்கிறோம். இதை நம்புவதா இல்லையா என்பது உங்கள் முடிவு. வாதாடி நம்பவைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் தேதி சொல்பவர்களை மட்டும் நம்பாதீர்கள். அந்த நாளையும் வேளையையும் தந்தையைத் தவிர எவரும் அறியார் என்று இயேசுவே சொல்லிவிட்டார். அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற போதகரின் கணக்கை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று வருகைக்காகக் காத்திருந்து ஏமாந்தார்கள். சிலர் அந்த ஆண்டு வயலில் அறுவடைகூடச் செய்யவில்லை. இப்போது அதே கணக்கு யூடியூபில் வருகிறது. வரப்பு வெட்டாத விவசாயியை நினைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு வயது எண்பதுக்கு மேல். அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருப்பேனோ தெரியாது. எனக்கென்ன ஆயத்தம்?

லூக்கா நற்செய்தியின் முதல் இரண்டு அதிகாரங்களைப் பேரப்பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள், பாட்டி. அதில் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் உங்கள் வயதுக்காரர்கள். செக்கரியாவும் எலிசபெத்தும் முதியவர்கள். சிமியோன் மெசியாவைக் காணாமல் சாவதில்லை என்ற வாக்கைப் பிடித்துக்கொண்டு இருந்தவர். அன்னா எண்பத்து நான்கு வயதுக் கைம்பெண். கோயிலை விட்டு நீங்காமல் இருந்தவர். குழந்தையை முதலில் அடையாளம் கண்டுகொண்டவர்களில் இந்த இருவரும் உண்டு. கோயிலில் இருந்த குருக்கள் யாரும் கண்டுகொண்டதாக லூக்கா எழுதவில்லை.

கோயிலுக்கு வர முடியாவிட்டால் நற்கருணையும் ஒப்புரவு அருட்சாதனமும் (பாவசங்கீர்த்தனம்) வீட்டுக்கு வரும். அன்பியப் பொறுப்பாளரிடம் சொல்லி அனுப்பினால் போதும். கடைசி வாரத்தில் குருவானவருக்குக் கூட்டம் அதிகம் என்பதால் இரண்டாம் வாரமே சொல்லிவிடுங்கள்.

நான்காம் ஞாயிறும் 24-ஆம் தேதியும் ஒரே நாளில் வந்தால், அன்று இரவுத் திருப்பலி ஒன்றே போதாதா?

போதாது. தேதி பற்றிய கேள்வியில் சொன்ன 2023 போன்ற ஆண்டுகளில்தான் இந்தச் சிக்கல் வருகிறது. அடுத்து 2028-இல் வரும். ஞாயிறு ஒரு கடன் திருநாள், அதாவது திருப்பலிக்குக் கட்டாயம் வர வேண்டிய நாள்; கிறிஸ்து பிறப்பு இன்னொன்று. ஒரே திருப்பலியால் இரண்டையும் கழிக்க முடியாது. நான்காம் ஞாயிறுக்குச் சனிக்கிழமை மாலையோ ஞாயிறு காலையோ வாருங்கள்; கிறிஸ்துமஸுக்கு ஞாயிறு இரவோ திங்கள் பகலோ வாருங்கள். 2023-இல் பாடகர் குழுவினர் காலையில் ஊதா நாளுக்கும் நள்ளிரவில் வெள்ளை நாளுக்கும் பாடித் தொண்டை கட்டிக்கொண்டார்கள். 2028-க்கு இரண்டு குழுவாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று இப்போதே சொல்லிவைக்கிறேன்.